புரோகிராமிங் வேலைக்கு, லினக்ஸில் தொல்லை தராத லேப்டாப் எது?

முகிலன்:

வணக்கம் நண்பர்களே. நான் பேக்கெண்ட் (சர்வர் பக்க நிரல்) வேலை பார்க்கிறேன். கோ, பைத்தான் இரண்டு மொழிகளும். நாள் முழுக்க டாக்கரில் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் தரவுத்தளங்கள், அதோடு எங்கள் சர்வீஸ்கள் நாலைந்து ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே விஎஸ் கோட், இரண்டு பிரௌசர். இப்போது கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள மெல்லிய லேப்டாப். அதில் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 24.04 ஓடுகிறது. ரேம் போதவில்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் என்னை அதிகம் வாட்டுவது வேறு இரண்டு விஷயங்கள்.

மூடிப் பையில் வைத்தால் அது தூங்குவதே இல்லை. வெளியே எடுக்கும்போது அடிப்பாகம் கொதிக்கிறது, பேட்டரி பாதி காலி. அடுத்தது வைஃபை. சில சமயம் திறந்ததும் காணாமல் போய்விடுகிறது. டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினால்தான் திரும்பி வருகிறது. மீட்டிங் தொடங்கும் நேரத்தில் இப்படி நடந்தால் கை கால் ஓடுவதில்லை.

கேம் விளையாடுவதில்லை. தினமும் தூக்கிக்கொண்டு அலைவதால் கனம் குறைவாக இருந்தால் நல்லது. மனதில் இருப்பவை: பழைய திங்க்பேட் டி14 (ஏஎம்டி), புது ஃபிரேம்வொர்க் 13, அப்புறம் என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு 15 இன்ச். எதை வாங்கலாம்? மாடல் பெயரை மட்டும் சொல்லாமல், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராசு:

கண்ணை மூடிக்கொண்டு திங்க்பேட் வாங்குங்கள். நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் டி சீரிஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. கீபோர்டும் அருமை, உதிரி பாகங்களும் எளிதாகக் கிடைக்கும்.

செண்பகம்:

முகிலன், எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்கு லேப்டாப் தேர்ந்தெடுத்து லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. எல்லோரும் முதலில் பிராசஸரைத்தான் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பேன். கடந்த சில ஆண்டுகளில் வந்த நடுத்தர இன்டெல், ஏஎம்டி எதுவும் உங்கள் வேலைக்குத் தாராளம். மூடினால் ஒழுங்காகத் தூங்கி, திறந்தால் வைஃபையோடு எழுகிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. அதில் தேறாத இயந்திரத்தில் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

தூக்கத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரத் தாளில் இது இருக்காது. முன்பெல்லாம் மூடியை மூடினால் லேப்டாப் எஸ்3 என்ற நிலைக்குப் போகும். ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், ஏறக்குறைய மற்றதெல்லாம் அணைந்துவிடும். விண்டோஸில் மாடர்ன் ஸ்டாண்ட்பை வந்த பிறகு தயாரிப்பாளர்கள் எஸ்3-ஐ ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். இப்போது வரும் முறைக்கு லினக்ஸில் எஸ்2ஐடில் என்று பெயர். இதில் ஒவ்வொரு பாகமும் தானாகவே ஆழ்ந்த நிலைக்கு இறங்க வேண்டும். எஸ்எஸ்டியோ, வைஃபை கார்டோ, ஏதோ ஒன்று இறங்க மறுத்தால் மொத்த இயந்திரமும் அரைத் தூக்கத்திலேயே கிடக்கும். உங்கள் லேப்டாப் பைக்குள் சூடாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உங்கள் இயந்திரத்தில் எது இருக்கிறது என்று பார்ப்பது எளிது. சிஸ் கோப்புறைக்குள் பவர், அதற்குள் மெம் ஸ்லீப் என்ற கோப்பு இருக்கும். அதை கேட் கட்டளையால் திறந்து பாருங்கள். 'டீப்' என்ற சொல் தெரிந்தால் எஸ்3 உண்டு. எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் இல்லை. இரண்டும் இருந்தால், சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. 2018-இல் வந்த எக்ஸ்1 கார்பன் 6-ஆம் தலைமுறை எஸ்3 இல்லாமல்தான் வெளியானது. பயனர்கள் விடாமல் கேட்டதால் பிறகு பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டில் அதைச் சேர்த்தார்கள். அதன் பின் சில தலைமுறை திங்க்பேட்களின் பயாஸில் ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் 'லினக்ஸ்' என்றே ஒரு தேர்வு இருந்தது. உங்கள் பட்டியலில் பழைய டி14-ஐ நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஸ்3 இல்லை என்பதற்காக மட்டும் ஒரு புது மாடலை ஒதுக்கிவிட வேண்டாம். லினக்ஸில் சோதித்துச் சான்றிதழ் பெற்ற மாடல்களில் எஸ்2ஐடிலும் நன்றாகவே ஓடுகிறது. நான் செய்யும் சோதனை ஒன்றுதான்: இரவு படுக்கும் முன் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, சார்ஜரைப் பிடுங்கி, மூடி வைத்துவிடுவேன். காலையில் 5, 8 சதவீதம் குறைந்திருந்தால் ஏற்றுக்கொள்வேன். 30, 40 என்று இறங்கியிருந்தால் அந்த மாடலை மறுபடி வாங்க மாட்டேன்.

அடுத்து வைஃபை. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் லினக்ஸில் பிரச்சினையே தருவதில்லை. டிரைவர் கர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது. மீடியாடெக் எம்டி7921-க்கு கர்னல் 5.12-இலிருந்து ஆதரவு உண்டு. ரியல்டெக்கில் சில சிப்களுக்கு டிரைவர் தாமதமாகத்தான் கர்னலுக்குள் வந்தது. பிராட்காம் என்றால் பலவற்றுக்குத் தனி மூடிய டிரைவர் தேவைப்படும்; நான் பக்கத்திலேயே போவதில்லை. கார்டு கழற்றி மாட்டக்கூடியதா என்றும் கேளுங்கள், மெல்லிய மாடல்கள் பலவற்றில் மதர்போர்டு பலகையோடு சேர்த்துச் சால்டர் செய்திருப்பார்கள். மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1-இல் முடிபவை இன்டெல் பிராசஸரோடு மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்புக்கு ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210-தான் வாங்க வேண்டும்.

கேமராவை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆனால் இப்போது அதிகம் மாட்டிக்கொள்வது அதில்தான். பழைய முறைக் கேமரா உள்ளே யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும். எந்த லினக்ஸ் வகையிலும் உடனே படம் வரும். கடந்த சில ஆண்டுகளில் வந்த விலை உயர்ந்த மெல்லிய இன்டெல் மாடல்கள் சிலவற்றில் அது மிப்பி என்ற வேறு இணைப்பு வகை, ஐபியூ6 என்ற படச் செயலிப் பகுதி வழியாக வருவது. அதற்கான அடிப்படை டிரைவர் கர்னல் 6.10-இல்தான் சேர்ந்தது. அது இருந்தாலும் மேலே இன்னும் சில மென்பொருள் அடுக்குகள் சரியாக அமைய வேண்டும். யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் கேமரா பெயர் தெரிந்தால் நிம்மதி.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். லேப்டாப்பை விட உங்கள் கர்னல் புதியதாக இருக்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பில் இருப்பது கர்னல் 6.1, உபுண்டு 24.04 வெளிவந்தபோது 6.8, டெபியன் 13-இல் 6.12. போன மாதம் சந்தைக்கு வந்த லேப்டாப்பில் டெபியன் 12 போட்டால் ஏதாவது ஒன்று ஓடாமல்தான் இருக்கும். புத்தம் புது மாடல்தான் வேண்டுமென்றால், புதிய கர்னல் சீக்கிரம் வரும் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையைப் போடுங்கள். உபுண்டுவை விட மனமில்லை என்றால் புதிய கர்னல் தரும் ஹெச்டபிள்யூஇ வரிசையில் இருங்கள்.

ரேம் 32 ஜிபி. இதில் பேரம் வேண்டாம். டாக்கரோடு ஒரு விர்ச்சுவல் மெஷினும் திறந்தால் 16 ஜிபி திணற ஆரம்பிக்கும். எக்ஸ்1 கார்பன், டி14எஸ் போன்றவற்றில் ரேம் முழுதும் பலகையிலேயே இருக்கும். பிறகு கூட்ட முடியாது. டி14-இன் முதல் தலைமுறைகளில் ஒரு பகுதி பலகையில், கூடவே ஒரு ஸ்லாட். ஃபிரேம்வொர்க் 13-இல் இரண்டு ஸ்லாட்.

திரைக்கு 14 இன்ச், 1920-க்கு 1200 போதும். அதே அளவில் 2880-க்கு 1800 வாங்கினால் எழுத்தைப் பெரிதாக்க 150 சதவீதம், 175 சதவீதம் என்று வைக்க வேண்டி வரும். லினக்ஸில் திரையைக் கையாளும் புதிய முறையான வேலாண்டில் இது இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய எக்ஸ்11 முறைக்கு எழுதிய பழைய செயலிகளின் எழுத்து மங்கலாகத் தெரியலாம். நாள் முழுக்க நிரல் படிக்கும் கண்ணுக்கு அது எரிச்சல்.

என்விடியா உள்ளதை விட்டுவிடுங்கள். உங்கள் வேலைக்கு அது தேவையே இல்லை. பல மாடல்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட் நேரே அந்தக் கார்டோடு இணைந்திருக்கும். வெளி மானிட்டர் மாட்டினாலே கார்டு விழித்துக்கொள்ளும், விசிறி சுற்ற ஆரம்பிக்கும்.

மதி:

செண்பகம் அக்கா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், என்விடியா விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். முகிலன், பைத்தான் எழுதுகிறீர்கள். நாளைக்கு மெஷின் லேர்னிங் பக்கம் போனால் 'கூடா' (என்விடியா கார்டில் கணக்கீடு செய்ய உதவும் மென்பொருள்) இல்லாமல் கஷ்டம். என் வேலையே அதுதான், லினக்ஸில் என்விடியாவோடுதான் வாழ்கிறேன். 2022-இல் அவர்கள் கர்னல் மாட்யூல்களை (கர்னலில் ஏறும் டிரைவர் பகுதிகள்) திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2024-இல் 555 டிரைவரில் எக்ஸ்பிளிசிட் சிங்க் என்ற ஒத்திசைவு வசதி வந்த பிறகு வேலாண்டில் திரை மினுக்குவதும் நின்றுவிட்டது. முன்பு பட்ட பாடு இப்போது இல்லை. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் தடுக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் மாட்யூலுக்குக் கையொப்பமிட ஒரு சாவி பதிய வேண்டும். நிறுவும்போது கேட்கும், ரீபூட் ஆனதும் நீலத் திரையில் அதை உறுதிப்படுத்த வேண்டும். அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

அப்புறம், லினக்ஸோடே விற்கும் சிஸ்டம்76, டக்ஸீடோ, ஸ்லிம்புக், ஸ்டார் லேப்ஸ் போன்றவர்களை யாரும் சொல்லவில்லையே? டெல்லும் 2012-இலிருந்து எக்ஸ்பிஎஸ் 13-ஐ உபுண்டுவோடு விற்றிருக்கிறது. ஏதாவது ஓடவில்லை என்றால் 'விண்டோஸ் போட்டுப் பாருங்கள்' என்று கைகழுவ மாட்டார்கள்.

செண்பகம்:

சரிதான் மதி, கூடா தேவைப்பட்டால் என்விடியாவைத் தவிர்க்க முடியாது. ஆனால் மெஷின் லேர்னிங் பயிற்சி ஓட்டுவதெல்லாம் சர்வரில் என்றால், தூக்கிக்கொண்டு அலையும் லேப்டாப்பில் அந்தக் கார்டும் அதன் சூடும் எதற்கு? முகிலனுக்கு நாளைக்குத் தேவைப்பட்டால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸோடு வரும் லேப்டாப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. எளிதில் வாங்க முடிகிற இடத்தில் இருப்பவர்கள் அதையே வாங்கட்டும்.

முகிலன்:

அக்கா, மதி, ராசு, எல்லோருக்கும் நன்றி. எனக்கு கூடா தேவைப்படாது, ஆகவே 15 இன்ச்சை விட்டுவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் டி14 முதல் தலைமுறை, ஏஎம்டி ரைசன் 4750யு தருகிறார். ஃபெடோரா பென்டிரைவைப் போட்டு, நிறுவாமல் லைவ்வாகவே பூட் செய்து பார்த்தேன். வைஃபை ஏஎக்ஸ்200. மெம் ஸ்லீப் கோப்பில் 'டீப்' அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. மூடித் திறந்தேன், வைஃபை உடனே வந்தது. கேமரா எல்எஸ்யுஎஸ்பியில் தெரிகிறது. ரேம் பலகையில் 16 ஜிபி, ஸ்லாட் காலி. எனக்கு ஃபிரேம்வொர்க்தான் ஆசை, ஆனால் இது கையில் இருக்கிறது. வாங்கலாமா? பழையது என்பதால் பேட்டரியை நினைத்துத்தான் தயக்கம்.

செண்பகம்:

நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள். வாங்கலாம். ஸ்லாட்டில் இன்னொரு 16 ஜிபி டிடிஆர்4 3200 போட்டால் 32 ஆகிவிடும், எட்டு கோர் பிராசஸர் கம்பைல் வேலைக்கு இன்னும் நன்றாகவே ஓடும்.

பேட்டரியை நினைத்துத் தயங்க வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். அதே பென்டிரைவில் பூட் செய்து யுபவர் கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்து பேட்டரி விவரத்தைக் கேளுங்கள். எனர்ஜி ஃபுல், எனர்ஜி ஃபுல் டிசைன் என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது இப்போது கொள்ளும் அளவு, இரண்டாவது புதிதாக இருந்தபோது கொண்ட அளவு. 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அப்படியே வாங்குங்கள். 60-க்குக் கீழே என்றால் புது பேட்டரிக்கான தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அடி மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினால் நீங்களே மாற்றிவிடலாம்.

பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஏதும் இல்லை என்பதை அவர் முன்னாலேயே உள்ளே போய்ப் பாருங்கள். நிறுவனத்திலிருந்து வந்த லேப்டாப்களில் இது மறந்துபோய் அப்படியே கிடக்கும், சாதாரணமாக அதை நீக்க வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எஃப்டபிள்யூயுபிடி என்ற கருவி வழியாக ஃபர்ம்வேரைப் (பயாஸ் போன்ற உள்ளார்ந்த மென்பொருள்) புதுப்பியுங்கள். திங்க்பேட் தயாரிக்கும் லெனோவோ தன் பயாஸை, லினக்ஸுக்கான ஃபர்ம்வேர் தளமான எல்விஎஃப்எஸ்ஸில் வெளியிடுவதால் விண்டோஸ் தேவைப்படாது. சார்ஜர் மாட்டியிருக்கட்டும். அது முடிந்ததும் பயாஸுக்குள் போய் ஸ்லீப் ஸ்டேட் இன்னும் லினக்ஸ் என்றே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஃபெடோராவை நிறுவுங்கள். மேசையில் சார்ஜரோடே இருக்கும் நாட்களுக்கு சார்ஜ் வரம்பை 80-இல் நிறுத்திவிடுங்கள். திங்க்பேடில் கர்னலே அதை ஆதரிக்கிறது, க்னோம் அல்லது கேடிஇ டெஸ்க்டாப் அமைப்புகளில் அந்தத் தேர்வு கண்ணில் படாவிட்டால் டிஎல்பி என்ற மின்சார மேலாண்மைக் கருவியைப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.