மறு: நீர்ச்சுழற்சி அவதானிப்புகள் – ‘ஒருங்கிணைப்பு’ என்ற ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உலக நீர்ச்சுழற்சியைப் பல நாடுகள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு அளக்கும் ஏற்பாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. ‘நீர்ச்சுழற்சி’ பற்றி யாருக்கும் மறுப்பு இல்லை. ‘நீரியல் சுழற்சி’ என்று நீட்ட வேண்டாம்; சுழல்வது நீர், நீரியல் அல்ல. சிக்கல் அடுத்த சொல்லில்தான் இருக்கிறது.

> கோஆர்டினேஷன் என்றால் ஒருங்கிணைப்பு. ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்புக் குழு எல்லாம் வழக்கில் இருக்கின்றன. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

வழக்கில் இருக்கின்றன, அவை அப்படியே இருக்கட்டும். ஆனால் இன்டெக்ரேஷனுக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ‘ஒருங்கிணைந்த பண்ணையம்’ என்னும்போது பலவற்றைச் சேர்த்து ஒன்றாக்குவது என்று பொருள். பல துறைகளில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. நீர்ச்சுழற்சித் துறையில் கெடும். இந்தத் துறையின் பெரிய முயற்சிகளில் ஒன்று சியோப் (CEOP); பல நாடுகளின் நிலையங்கள் ஒரே காலத்தில் நீர்ச்சுழற்சியை அளந்த திட்டம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தோஷியோ கோய்கே முன்னின்று நடத்த, 2001-இல் அளவீடுகள் தொடங்கின. அதன் பெயரில் முதல் சொல் ‘கோஆர்டினேட்டட்’. இன்னொரு முயற்சியின் அறிக்கை 2004-இல் வந்தது. அதன் பெயரில் முதல் சொல் ‘இன்டெக்ரேட்டட்’. இரண்டையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஒருங்கிணைந்த’ என்று தொடங்கும். படிப்பவர் ஒன்றையே இரண்டு முறை சொல்வதாக நினைப்பார்.

சியோப்பில் நடந்தது என்ன என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். திபெத் பீடபூமி, மங்கோலியா, அமேசான் படுகை, அமெரிக்காவின் ஓக்லஹோமா, ஜெர்மனியின் லிண்டன்பெர்க் என்று எங்கெங்கோ இருந்த நிலையங்களை அந்தந்த ஆய்வுக் குழுக்களே நடத்திக்கொண்டிருந்தன. யாரும் தன் நிலையத்தை மற்றவரிடம் ஒப்படைக்கவில்லை. எல்லோரும் ஒரே காலப்பகுதியில் அளப்பது, ஒரே வடிவில் எழுதுவது, தரத்தை ஒரே முறையில் சரிபார்ப்பது என்று உடன்பட்டார்கள், அவ்வளவுதான். தரவுகளைக்கூட ஓரிடத்தில் குவிக்கவில்லை. நிலையத் தரவு அமெரிக்காவின் போல்டருக்கும், கணினி மாதிரிகளின் வெளியீடு ஹம்பர்க்குக்கும், செயற்கைக்கோள் தரவு டோக்கியோவுக்கும் போயின. இதை ‘ஒருங்கிணைத்தார்கள்’ என்று எழுதினால் நடக்காத ஒன்றைச் சொல்வதாகிவிடும்.

நம் செய்தித்தாள்களிலேயே இதற்கு உதாரணம் உண்டு. “காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்” என்றுதான் மழை அளவு வருகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மழைமானி பார்ப்பவர்களுக்கு அதுதான் நேரம். உலக நேரப்படி அது 3 மணி. ஒவ்வொரு நிலையமும் தனித்தனிதான், அளவும் தனித்தனிதான். ஆனால் ஒரே நேரத்தில் பார்ப்பதால் நாகப்பட்டினத்து மழையையும் யாழ்ப்பாணத்து மழையையும் ஒரே நாள் கணக்கில் வைத்து ஒப்பிட முடிகிறது.

> அப்படியானால் ‘கூட்டு அவதானிப்பு’ என்று சொல்லிவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் ‘கூட்டு’ என்பதற்கு வேறு வேலை இருக்கிறது. மேகா-ட்ராபிக்ஸ் செயற்கைக்கோளையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கி, 2011 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். இது கூட்டுத் திட்டம். செலவும் உரிமையும் இருவருடையவை. அப்புறம் அதில் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் சஃபீர் கருவியின் தரவு, அமெரிக்காவும் ஜப்பானும் முன்னின்று நடத்தும் உலக மழை அளவீட்டுத் திட்டத்துக்கும் போனது. அந்தத் திட்டத்தில் பல நாட்டுச் செயற்கைக்கோள்கள் உண்டு. ஒவ்வொன்றையும் அதன் சொந்தக்காரர்தான் இயக்குகிறார். 2014-இல் ஏவிய மையச் செயற்கைக்கோளை அளவுகோலாக வைத்து மற்றவற்றின் அளவுகளைச் சரிசெய்துகொள்கிறார்கள். நாம் பெயர் தேடுவது இந்த உறவுக்குத்தான். கடைசியாக, அந்த அளவுகள் எல்லாவற்றையும் ஜெர்மனியின் ஓஃபன்பாக்கில் உள்ள மையம் திரட்டும் தரைமழைமானிக் கணக்கோடு சேர்த்து ஒரே மழை வரைபடமாக்குகிறார்கள். அதுதான் ஒருங்கிணைப்பு. ஒரே செயற்கைக்கோளின் வாழ்க்கையில் மூன்று வகை உறவு. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

> சொல் துல்லியமாக இல்லாவிட்டால் அறிவியல் நின்றுவிடுமா?

நிற்காது. ஆனால் தமிழில் படித்துப் புரிந்துகொள்பவருக்கு ஒரு முக்கியமான விஷயம் தவறிப்போகும். ஒரு படுகையில் பெய்த மழையிலிருந்து, ஆவியானதையும் ஆற்றில் ஓடியதையும் கழித்தால் மீதி அந்த நிலத்தில் சேர்ந்திருக்க வேண்டும். மழையை ஒருவர் அளக்கிறார், ஆற்றோட்டத்தை வேறொருவர், நிலத்தில் கூடிக் குறையும் நீரை 2002-இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் 2017 வரை அளந்தன, 2018 முதல் அவற்றுக்குப் பின் வந்தவை அளக்கின்றன. காலமும் எல்லையும் ஒத்துப்போகாமல் அளந்துவிட்டு, பிறகு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சேர்த்தாலும், வரும் மீதி நீரா, அளவீட்டுப் பிழையா என்று தெரியாது. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதிகளில் 2002 முதல் 2008 வரை சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்தது என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு பலருக்கு நினைவிருக்கும். கிரேஸ் சொன்னது மொத்த நீரின் மாற்றத்தை மட்டும்தான். அதில் மண் ஈரத்தின் பங்கைத் தனியே கணக்கிட்டுக் கழித்த பிறகுதான் நிலத்தடி நீரின் கணக்கு கிடைத்தது. ஒத்துப்போக அளப்பது முதலில், சேர்ப்பது பிறகு. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இந்த வரிசையே கண்ணுக்குத் தெரியாது.

சரி, என் பரிந்துரை: கோஆர்டினேஷனுக்கு ‘இயைபாக்கம்’. இதை நான் உருவாக்கவில்லை. இலங்கைப் பாடநூல்களில், உடலின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துச் செயல்படுவதைக் குறிக்க இந்தச் சொல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதே இடத்தில் ‘ஒருங்கிணைப்பு’ என்கின்றன. இதயமும் நுரையீரலும் ஒன்றாகிவிடுவதில்லை, இயைந்து வேலை செய்கின்றன. அந்தப் பொருள் நமக்கும் அப்படியே பொருந்துகிறது. ‘இயைந்த அவதானிப்பு’ என்று பெயரடையாகவும், ‘அளவீடுகளை இயைவித்தார்கள்’ என்று வினையாகவும் வரும். ‘ஒத்திசைவு’ என்றும் யோசித்தேன். ஆனால் இயற்பியலில் அது வேறு பொருள்களுக்குப் புழங்குகிறது, இழுபறியாகும்.

இயைபு என்றால் யாப்பில் வரும் இயைபுத் தொடைதானே நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வரட்டுமே. அடிகள் தனித்தனியாக இருந்துகொண்டே ஈற்றில் ஒத்து வருவதுதான் அங்கும் பொருள்.

‘அவதானிப்பு’ என்பதற்குப் பதில் ‘கண்காணிப்பு’ என்று எழுதலாமா என்பது பற்றி ஒரு வார்த்தை. அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து மதகைத் திறக்க ஆள் வைத்திருப்பது கண்காணிப்பு. கண்டால் ஏதாவது செய்தாக வேண்டும். ஆற்றோட்டத்தை ஆண்டுக்கணக்கில் பதிந்துவைப்பது அது அல்ல. ஜெர்மனியின் கோப்லென்ஸில் உள்ள உலக ஆற்றோட்டத் தரவு மையத்தில் 10,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகள் இருக்கின்றன, அவை அவதானிப்புகள். தமிழ்நாட்டில் ‘நோக்கீடு’ என்று எழுதுபவர்களும் உண்டு, தவறில்லை. எனக்கு ‘அவதானிப்பு’ பிடித்திருப்பதற்குக் காரணம், இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் வரை அதைப் புழங்குகிறார்கள்.

ஆகவே முழுத்தொடர்: உலக நீர்ச்சுழற்சி அவதானிப்புகளின் பன்னாட்டு இயைபாக்கம். நீளம்தான், தலைப்பில் ‘நீர்ச்சுழற்சி அவதானிப்பு இயைபாக்கம்’ போதும். சியோப்பின் முழுப்பெயர் முதலில் ‘இயைந்த செறிவான அவதானிப்புக் காலம்’; பிற்பாடு அதே எழுத்துச்சுருக்கத்தை வைத்துக்கொண்டு ‘இயைந்த ஆற்றல், நீர்ச்சுழற்சி அவதானிப்புத் திட்டம்’ என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே கட்டுரையில் எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்து அந்தப் பெயரை எழுத வேண்டும்.

‘இயைவித்தல்’ என்ற பிறவினை வடிவம் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது? பாடநூல் எழுதும் நண்பர்கள் யாராவது ஒரு பத்தியில் போட்டுப் பார்த்துச் சொன்னால் நல்லது.