சீனக்குடா ஹரிக்கேனுக்கு உருமறைப்பும் டெக்கலும்

குழு: கோண்டாவில் வீட்டார்

நிலவன், பி.ப. 4:05
மாமா, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் போர் விமானமான ஹரிக்கேனின் 1/72 அளவு மாதிரியில் மேற்பரப்பு முழுவதற்கும் மண்ணிறம் அடித்துவிட்டேன். இன்றிரவே கரும்பச்சைத் திட்டுகளையும் அடித்து, நாளை காலையில் டெக்கல்களை (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்களை) ஒட்டிவிடலாமா? செலோரேப்பை வளைவாக வெட்டி மறைத்தால் விளிம்பு நேர்த்தியாக வரும் என்று நினைக்கிறேன்.

சின்ன மாமா, பி.ப. 4:21
செலோரேப் வேண்டாம், நிலவன். அதன் பசை மண்ணிறத்தையும் சேர்த்து உரித்துவிடும். உரிக்காவிட்டாலும் விளிம்பில் ஒரு வரம்பு எழுந்து நிற்கும், அதன்மேல் டெக்கல் படியாது. புத்தகக்கடையில் விற்கும் புளூ டக் என்ற ஒட்டுக் களியை வாங்கி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பான திரிகளாக உருட்டி, உருமறைப்புக் கோலத்தின் எல்லையில் வைத்து, உள்ளே மண்ணிறமாக இருக்கவேண்டிய பகுதியை மாஸ்கிங் ரேப்பால் மூடும். எயார்பிரஷ்ஷை (காற்றால் வர்ணம் தூவும் கருவியை) நேர் மேலிருந்து பிடித்து அடித்தால், திரியின் உருண்ட விளிம்புக்குக் கீழே வர்ணம் சற்றே தேய்ந்து முடியும். உண்மையான விமானத்தில் இரு நிறங்களும் மூன்று சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கலந்திருந்தாலும், அதை 72ஆல் வகுத்தால் 0.4 மில்லிமீற்றர்தான் வரும். எல்லை அதைவிட அகலமாக மங்கினால், இறக்கை முழுவதும் 17 சென்ரிமீற்றர்கூட இல்லாத இந்த விமானம் விளையாட்டுப் பொருளாகத் தெரியும்.

யாழினி, பி.ப. 4:40
ஹென்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் எடுத்த ஹரிக்கேன் படம் என்னிடம் இருக்கிறது. அதில் விளிம்பு மிகவும் கூர்மையாகத் தெரிகிறது, மாமா. அந்தப் பச்சையை அப்படியே பார்த்துக் கலக்கலாம் அல்லவா?

சின்ன மாமா, பி.ப. 4:52
படத்தை அனுப்பும் பிள்ளை; சக்கரக் கூட்டின் உட்புறம் பார்க்க அது உதவும். ஆனால் நிறத்துக்கு அதை நம்பவேண்டாம். அருங்காட்சியக விமானங்கள் பல பிற்காலத்தில் மறுபடியும் வர்ணம் பூசப்பட்டவை, மண்டபத்து விளக்கும் நிறத்தை மாற்றிக் காட்டும். போர்க்காலப் புகைப்படங்களே எனக்கு முதற்சான்று. கோலத்தையும் அவற்றில் பார்த்தே உறுதிசெய்யவேண்டும், ஏனென்றால் போரின் தொடக்கத்தில் பிரித்தானியர் ஏ, பி என்று ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு கோலங்களைப் பூசினார்கள்.

பெரியம்மா, பி.ப. 5:03
இந்த விமானம் எங்கள் பலாலிக்கு வந்ததா, தம்பி?

சின்ன மாமா, பி.ப. 5:10
அக்கா, பலாலி ஓடுபாதையும் அந்தப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்ததுதான். ஆனால் நிலவன் செய்வது திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்த 261ஆம் அணியின் விமானம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கியபோது எதிர்த்து மேலெழுந்தவை இந்த ஹரிக்கேன்கள். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அன்றுதான்.

நிலவன், பி.ப. 5:18
பெட்டியிலுள்ள தாளில் மேற்பரப்புக்குப் பச்சையும் சாம்பலும் என்று போட்டிருக்கிறதே, மாமா?

சின்ன மாமா, பி.ப. 5:26
அது 1941 ஓகஸ்ற்றிலிருந்து ஐரோப்பியக் களத்துப் போர் விமானங்களுக்கு வந்த மாற்றம். அங்கே மண்ணிறத்துக்குப் பதிலாகக் கடற்சாம்பல் பூசினார்கள். இலங்கைக்கு வந்தவற்றுக்குப் பச்சையும் மண்ணிறமும்தான் பொருத்தம், நீர் அடித்தது சரி.

பச்சையை இன்றிரவு அடிக்காமல், விடியற்காலையில், சோளகக் காற்று எழும்புவதற்கு முன்னர் அறைக்குள் வைத்து அடியும். இந்த வரண்ட காற்றில் அக்ரிலிக் வர்ணம் எயார்பிரஷ்ஷின் ஊசி முனையிலேயே காய்ந்து, பின்னர் பொட்டுப் பொட்டாகத் துப்பும். காய்வதைத் தாமதிக்கும் ரிராடர் சில துளி சேர்த்து, முனையை அடிக்கடி தின்னரால் துடைத்துக்கொள்ளும். அடித்ததும் ஒரு பேசினால் மூடிவிட்டால் தூசி ஒட்டாது. முகக்கவசத்தை மறக்கவேண்டாம்.

நிலவன், பி.ப. 5:33
அப்படியென்றால் நாளை பின்னேரம் டெக்கல் ஒட்டலாமா?

சின்ன மாமா, பி.ப. 5:58
இல்லை. அவசரப்பட்டால் இதுவரை செய்த வேலை முழுவதும் அந்த இடத்தில்தான் கெடும். மங்கல் வர்ணம் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. அதன்மேல் டெக்கலை வைத்தால் மென்படலத்துக்குக் கீழே காற்றுச் சிக்கி, காய்ந்தபின் வெள்ளியாகப் பளபளக்கும். கரும்பச்சையில் அது தூரத்திலிருந்தே தெரியும். ஆகவே பச்சை நன்றாகக் காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷை மெல்லிய இரண்டு மூன்று படைகளாக அடித்து, ஒரு நாளாவது தொடாமல் வையும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பாரும். அதே வெள்ளை டெக்கலின் ஓரத்திலும் அடியிலும் கறையாக நிற்கும், மேலே வார்னிஷ் அடித்த பிறகு அதை எடுக்கவே முடியாது. கராஜில் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி, அதை மட்டுமே பாவியும். அசிட் போத்தலைத் தந்துவிடாமல் பெயரை வாசித்து வாங்கும்.

ஒவ்வொரு டெக்கலாகவே வெட்டியெடுத்து, பத்துப் பதினைந்து வினாடி நனைத்து, ஈரத் துணியின்மேல் வைத்துக் காத்திரும். அது தானாக வழுக்கும்வரை விரலால் தள்ளவேண்டாம். ஒட்டும் இடத்தில் டெக்கலைப் பிடிக்கவைக்கும் மைக்ரோ செற் திரவத்தைத் தடவி, தாளிலிருந்து டெக்கலை வழுக்கி இறக்கி, ஈரப் பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து வெளிநோக்கி உருட்டித் தண்ணீரை வெளியேற்றும். பிறகு டெக்கலை மென்மையாக்கும் ‘மைக்ரோ சொல்’ திரவம். அது பட்டதும் டெக்கல் சுருங்கிக் கெட்டுப்போனதுபோல் தோன்றும்; அப்போது தொட்டால் கிழிந்துவிடும், விட்டுவிட்டால் தானே தகட்டுக் கோடுகளுக்குள் இறங்கிப் படியும். குமிழி மிஞ்சினால் ஊசியால் குத்தி மறுபடி ஒரு துளி விடும்.

நிலவன், பி.ப. 6:10
விளங்கியது, மாமா. ஆனால் டெக்கல் தாள் பழையது, மென்படலம் மஞ்சளாகிவிட்டது.

சின்ன மாமா, பி.ப. 6:19
தாளை ஒரு தெளிவான பிளாஸ்ரிக் பைக்குள் வைத்து, படம் வெளிப்பக்கம் பார்க்க, வெயில் விழும் யன்னல் கண்ணாடியில் ஒட்டிவையும். சில நாட்களில் மஞ்சள் வெளிறத் தொடங்கும். அதற்கு முன்னர், தேவையில்லாத ஒரு சிறு எழுத்தை நனைத்துப் பாரும். அது துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுவதற்கும் வார்னிஷ் அடித்து, ஒவ்வொன்றையும் ஓரத்தோடு ஒட்டி வெட்டவேண்டியிருக்கும்.

யாழினி, பி.ப. 6:27
டெக்கல் தாளிலுள்ள விமானப்படைச் சின்ன வட்டங்களில் இரண்டு வகை இருக்கின்றனவே, எதை ஒட்டுவது?

சின்ன மாமா, பி.ப. 6:36
நல்ல கேள்வி, பிள்ளை. ஏப்ரல் 1942 என்பதால் உடற்பகுதிக்கு மஞ்சள், நீலம், வெள்ளை, சிவப்பு நான்கும் சம அகலமான பழைய வட்டமே சரி. வெள்ளையும் மஞ்சளும் ஒடுங்கிய வட்டம் அந்த மே மாதத்துக்குப் பின்னர் வந்தது. மேல் இறக்கைக்குச் சிவப்பும் நீலமும் மட்டும். சிவப்பு நீக்கிய வட்டத்தை எடுக்கவேண்டாம்; ஜப்பானியரின் செவ்வட்டத்தோடு குழம்பாதிருக்க இந்தப் பக்கத்துக் களத்தில் அதைப் பிற்பாடுதான் கொண்டுவந்தார்கள்.

நிலவன், பி.ப. 6:41
சரி, மாமா. காலையில் பச்சை அடித்து, திரிகளை எடுத்ததும் படம் அனுப்புகிறேன். பற்றரித் தண்ணீரை அப்பாவிடம் சொல்லி வாங்குகிறேன்.

சின்ன மாமா, பி.ப. 6:44
வர்ணம் முழுமையாக இறுகுவதற்கு முன்னரே திரிகளை எடுத்துவிடும். மங்கல் வார்னிஷ் எல்லாவற்றுக்கும் கடைசியில்.