15 ஜிபி நிரம்பிவிட்டது: கடைக்கு எந்த இலவச மெயில் நல்லது?

எம்.சி.ரோடு துணிக்கடை:
பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சின்னக் கடை. சூரத் பில், ஈரோடு லாரி ரசீது எல்லாம் ஜிமெயிலுக்குத்தான் வருகின்றன. நேற்று பெட்டியில் இடமில்லாமல் ஒரு பில் திரும்பிப் போய்விட்டது. தீபாவளிச் சரக்கு வரும் நேரம். காசில்லாமல் வேறு எதற்கு மாறலாம்?

பெரம்பூர் பெரியவர்:
மாற வேண்டாம், தம்பி. அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமானதல்ல. போட்டோ, டிரைவ் எல்லாவற்றுக்கும் ஒரே உண்டியல். சேலை வீடியோக்கள்தான் தின்றிருக்கும். பெரியவற்றை அழித்துவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். அதிலிருப்பதும் கணக்கில் சேரும்.

தண்டையார்பேட்டை கணக்காளர்:
ஐயா சொல்வது ஒட்டுப்போடும் வேலை. அடுத்த தீபாவளிக்கு மறுபடி கிழியும். அண்ணே, கடைப் பெயரில் ஒரு டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் சொந்தப் பெயர்) வாங்கி ஜோஹோ மெயிலில் போடுங்கள். நம் ஊர் நிறுவனம். இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி. நாளை ஜோஹோவே பிடிக்காவிட்டாலும் முகவரி உங்களுடையது, வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம். ஜிமெயில் முகவரியை அப்படி எடுத்துப் போக முடியுமா?

பெரம்பூர் பெரியவர்:
காசில்லாமல் என்று கேட்டவருக்கு, வருடா வருடம் டொமைனுக்குப் பணம் கட்டச் சொல்கிறீர்களே அம்மா! புதுப்பிக்க மறந்தால் பெயர்ப்பலகையே போய்விடும். அந்த இலவசத் திட்டத்தில் ஐமேப் வசதியும் (மெயிலை வேறு மென்பொருளில் திறக்கும் வழி) கிடையாது. தண்டர்பேர்டு மாதிரி மென்பொருளில் மெயில் பார்ப்பவர் என்ன செய்வார்?

ராயபுரம் மாணவன்:
இருவரும் அந்தரங்கத்தை மறந்துவிட்டீர்கள். புரோட்டான் மெயில் சுவிட்சர்லாந்துடையது. உங்கள் மெயிலை அவர்களாலேயே படிக்க முடியாது. கூகுள் படித்து விளம்பரம் காட்டும்.

பெரம்பூர் பெரியவர்:
விளம்பரத்துக்காக மெயிலைப் படிப்பதை நிறுத்துவதாகக் கூகுள் 2017-லேயே அறிவித்துவிட்டது. பழைய கதை.

தண்டையார்பேட்டை கணக்காளர்:
தம்பி, புரோட்டான் இலவசத்தில் 1 ஜிபிதான், நாளைக்கு 150 மெயில்தான் அனுப்பலாம். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத முழுப் பூட்டு தானாக விழ வேண்டுமென்றால் ஈரோட்டுக்காரரும் புரோட்டானில் இருக்க வேண்டும். அவர் யாகூவில் இருப்பார். ஜவுளி பில்லுக்கு இவ்வளவு ரகசியம் எதற்கு? (உனக்கு அது நல்லது; வைத்துக்கொள்.)

காசிமேட்டுக்காரன்:
ஜிபிக்குச் சண்டை போடுகிறீர்கள். என் போன் துறைமுகத்தில் தண்ணீருக்குள் விழுந்தது. மீட்பு எண்ணாகக் கொடுத்திருந்தது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம். எட்டு ஆண்டு மெயில் போயே போய்விட்டது. கடவுச்சொல்லும் நினைவில்லை. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன், தப்பு என்னுடையதுதான். எதற்கு மாறினாலும் மீட்பு எண்ணை முதலில் பாருங்கள். இன்னொன்று: கூகுளில் இரண்டு ஆண்டு தொடாத கணக்கை அழித்துவிடலாம் என்பது விதி. பழையதை அப்படியே போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தண்டையார்பேட்டை கணக்காளர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டொமைன் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

எம்.சி.ரோடு துணிக்கடை:
வீடியோக்களை அழித்ததில் 6 ஜிபி காலியானது, ஐயாவுக்கு நன்றி. டொமைனைப் பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம், சகோதரி. காசிமேட்டு அண்ணன் சொன்னபடி மீட்பு எண்ணைப் பார்த்தேன். கணக்கைத் தொடங்கிக் கொடுத்த பையனுடைய எண் இருந்தது. அவன் இப்போது எதிர்க்கடையில் இருக்கிறான்.