கத்தானியாவில் மெழுகில் வழுக்கி விழுந்தேன்: இத்தாலியத் திருவிழாவில் மாட்டிக்கொண்ட உங்கள் கதை?

சிசிலித் தீவில் இருக்கும் கத்தானியா நகருக்குப் படிக்கப் போன முதல் வருடம். பிப்ரவரி 3 முதல் 5 வரை புனித அகதா விழா என்று வீட்டுக்கார அம்மா சொன்னபோது, சர்ச்சில் ஒரு பூசை, இரவில் வாணவேடிக்கை, அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 4ஆம் தேதி விடியற்காலைப் பூசை முடிந்து அகதாவின் சிலையை வெளியே கொண்டுவந்தபோதுதான் என் கணக்கு தப்பு என்று புரிந்தது. சதுக்கம் முழுக்க வெள்ளை அங்கி, கறுப்பு வெல்வெட் தொப்பி, வெள்ளைக் கையுறை. யாரோ ஒருவர் தொண்டை கிழியக் கத்த, மொத்தக் கூட்டமும் "சித்ததீனி, வீவா சாந்த் அகத்தா!" (ஊர் மக்களே, புனித அகதா வாழ்க!) என்று திருப்பிக் கத்துகிறது. அந்த அங்கி இரவு உடையாம். 1126இல் அகதாவின் உடல் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து ஊர் திரும்பிய செய்தி ராத்திரியில் பரவ, படுத்திருந்தவர்கள் உடை மாற்றாமல் அப்படியே ஓடிவந்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். சரித்திரம் எப்படியோ, எனக்குப் பிடித்த கதை.

வெள்ளி ரதத்தின் வடம் நூறு மீட்டருக்கும் மேல் நீளம். அதற்கு முன்னால் கந்தெலோரா என்று மரத்தில் செதுக்கித் தங்கப் பூச்சு பூசிய பெரிய பெரிய விளக்குத்தூண்கள், ஒவ்வொரு தொழில்காரர்களுக்கும் ஒன்று, தோளில் வைத்து ஆடி ஆடிக் கொண்டுபோகிறார்கள். ரொட்டி சுடுபவர்களுடையதுதான் இருப்பதிலேயே கனம். பின்னால் நேர்த்திக்கடன்காரர்கள், சிலர் சுமக்கும் மெழுகுவர்த்தி ஆள் உயரத்துக்கு இருந்தது. அவ்வளவு மெழுகும் உருகி எங்கே போகும்? ரோட்டில்தான். மரத்தூள் கொட்டுகிறார்கள், சுரண்டுகிறார்கள், ஆனாலும் விழா முடிந்து சில நாள் வரை வண்டிச் சக்கரங்கள் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். 6ஆம் தேதி காலையில் வியா எத்னேயா தெருவில் பால் வாங்கப் போன நான் மல்லாந்து விழுந்தேன். தூக்கிவிட்ட தாத்தா சிரித்துக்கொண்டே "அகதா ஆசீர்வதித்துவிட்டாள்" என்றார். இடுப்புக்கு மட்டும் அது தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரிக்கோட்டா அடைத்து, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பாகு பூசி, நடுவில் ஒரு செர்ரிப்பழம் வைத்த "மின்னே தி சாந்த் அகத்தா" என்ற குட்டிக் கேக், ருசியில் மயங்கி மூன்று சாப்பிட்டேன். அப்புறம்தான் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். 251இல் வேதசாட்சியாக இறந்த அகதாவின் மார்பகங்களை அறுத்தார்கள் இல்லையா, அதன் வடிவமாம். நாலாவதை எடுத்த கை அப்படியே நின்றது. (பிறகு சாப்பிட்டேன்.)

*

நான் பார்த்தது உம்பிரியாவின் கூபியோ ஊரில், மே 15. ஆளுயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு உயரமான மூன்று மரத் தூண்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு புனிதர்: உபால்தோ, ஜார்ஜ், அந்தோணி. மதியம் அவற்றை நிமிர்த்தும்போது ஒரு மண்ஜாடியை வீசி உடைப்பார்கள், சில்லு கிடைத்தால் நல்லதாம், அதற்கு நடந்த தள்ளுமுள்ளில் என் மூக்குக்கண்ணாடி போனதுதான் மிச்சம். மாலையில் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓடி, மலைமேல் இருக்கும் உபால்தோ கோயில் வரை ஏறுவார்கள். ஓடிக்கொண்டே ஆள் மாற்றுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு நின்றுவிடும்.

நான் ஆர்வமாக பக்கத்தில் நின்றவரிடம் "யார் ஜெயிப்பார்கள்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வரிசை மாறவே மாறாது. உபால்தோ முதல், ஜார்ஜ் இரண்டாவது, அந்தோணி கடைசி, வருடா வருடம் இதேதான். முந்தக் கூடாது. அப்படியானால் எதற்கு உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள் என்றால், தூண் சாயாமல் விழாமல் போக வேண்டும், மேலே போனதும் மற்றவர்கள் வருவதற்குள் உபால்தோ ஆட்கள் கதவைச் சாத்தப் பார்ப்பார்கள், மற்றவர்கள் விடமாட்டார்கள். யார் தூண் எந்த வளைவில் சாய்ந்தது என்று இரவு முழுக்க மதுக்கடையில் சண்டை. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அந்த ஓட்டமே விளங்கியது.

*

நாங்கள் சிசிலியின் பலேர்மோ நகரில் இருக்கிறோம், யாழ்ப்பாணத்து ஆக்கள். இங்கே ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரோசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் கிடைத்த அவவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோக நோய் நின்றது என்று நம்பிக்கை. ஜூலை 14 இரவு பெரிய தேர், தெருவெல்லாம் பூண்டு போட்ட நத்தைக் கறியும் வத்தகப் பழமும். அது ஊர் ஆக்களின் கொண்டாட்டம். எங்களுக்கு மலைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழர் கனபேர் ஏறுவார்கள், அதில் சைவக்காரரும் உண்டு, என் அம்மாவும் ஒருத்தி. நெற்றியில் திருநீறோடு குகைக்குள் போய்ப் படுத்திருக்கும் சிலைக்கு முன்னால் நிற்பா. முதல்முறை நான் "அம்மா, இது சர்ச்" என்றேன். "தெரியும், தள்ளி நில்" என்றா. பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகர வாய்க்காலில் பிடித்து வழிய விட்டிருப்பார்கள், அதில் கொஞ்சம் தலையில் தெளித்துக்கொண்டா. பக்கத்தில் நின்ற சிசிலிக் கிழவியும் அதையேதான் செய்தா. இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை ஒருவருக்கு வராது, ஆனால் முழங்கால் வலியைப் பற்றிக் கையாலேயே அரைமணி நேரம் கதைத்தார்கள்.

செப்டம்பர் 4 திருநாளுக்கு வெறுங்காலோடு ஏறுகிறவர்களும் உண்டு.

*

அக்கா, இந்த செப்டம்பரில் பலேர்மோ வருகிறேன். செருப்போடு ஏறினால் தப்பில்லையே? கத்தானியாவுக்குப் பிறகு என் இடுப்பு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

*

ஏறலாம் தம்பி, ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டினம். தண்ணீர்ப் போத்தல் மட்டும் மறக்காதீங்கோ.