பேஜ்மேக்கரை விட்டு ஸ்கிரைபஸுக்கு வரலாமா? பாமினிக் கோப்புகளை என்ன செய்வது?

அச்சுமை: பக்க வடிவமைப்புக் கணினிகள் விண்டோஸிலிருந்து உபுண்டு லினக்ஸுக்கு மாறுகின்றன. பழைய புத்தகங்கள் எல்லாம் விண்டோஸ் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இல், பாமினி எழுத்துருவில் (யூனிகோடு அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவைக் காட்டுவது) கிடக்கின்றன. லினக்ஸில் ஓடும் இலவச வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸுக்குப் போகலாமா, விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பேஜ்மேக்கரையே ஓட்டலாமா?

நான்குவண்ணம்: தயங்காமல் ஸ்கிரைபஸ் 1.6. "கொம்பு தள்ளி நிற்கிறது" என்பவர்கள் 1.4-ஐப் பார்த்தவர்கள். 1.5.3-இலேயே எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நூலகம் வந்துவிட்டது, தமிழ் ஒழுங்காகவே சேர்கிறது. ஆவண அமைப்பில் கலர் மேனேஜ்மென்ட்டை முதலில் இயக்குங்கள். இல்லாவிட்டால் ஏற்றுமதிப் பட்டியலில் அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் வகைகளே தெரியாது. எக்ஸ்-3 தேர்ந்தெடுத்தபின் தகவல் வரி என்ற பெட்டி காலியாக இருந்தால் சேமிக்கும் பொத்தான் வேலை செய்யாது. பலர் இங்கேதான் முட்டி நின்றுவிடுகிறார்கள்.

பழையகோப்பு: புது வேலைக்குச் சரி. "இரண்டாம் பதிப்பு, நாலு இடத்தில் திருத்தம்" என்று வருகிற வாடிக்கையாளருக்கு என்ன பதில்? 300 பக்கத்தை யூனிகோடாக்கி, மறுபடி பக்கம் கட்டி, மெய்ப்பும் பார்த்தால் அந்தக் கூலியை யார் தருவார்? கேவிஎம்மில் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) விண்டோஸ் எக்ஸ்பி, 1 ஜிபி ராம், நெட்வொர்க் துண்டிப்பு, முறையான உரிமம். 2001-இல் வந்த மென்பொருளுக்கு அது போதும்.

நான்குவண்ணம்: அந்த உரையை எப்போதாவது வெளியே எடுத்துத்தானே ஆகவேண்டும்? லிபர் ஆஃபிஸ் டிரா 4.4 முதலே பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கிறது. பக்க அமைப்பு கலையும், உரை கிடைக்கும்.

பழையகோப்பு: எந்த உரை? பாமினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசை. வெறும் உரையாக எடுத்து மாற்றியில் போட்டால், நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ் உளறலாகிவிடும்.

நான்குவண்ணம்: வெறும் உரையாக ஏன் எடுக்கிறீர்கள்? டிராவிலிருந்து ஃபிளாட் எக்ஸ்எம்எல் வடிவில் சேமியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துரு என்ன என்பது அதில் இருக்கும். பாமினி என்றிருக்கும் துண்டை மட்டும் ஓப்பன்-தமிழ் பைத்தான் நூலகத்துக்கு அனுப்புங்கள். பாமினியில் 'கௌ'வின் வால் குறியும் 'ள'வும் ஒரே விசை என்பதால் சில மாற்றிகள் 'வெளி'யை 'வௌி' ஆக்கிவிடும். இணையத்தில் பாதித் தளங்களில் இந்தப் பிழைதான். ௌ-வை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை ெ, ள என்று பிரிக்க ஒரு ரெகெக்ஸ் (தேடி மாற்றும் விதி) போதும். 'வௌ்ளம்' கூடச் சரியாகிவிடும்.

அச்சுமை: லிபர் ஆஃபிஸ் ரைட்டரே போதாதா?

நான்குவண்ணம்: ஒற்றை வண்ணத்தில், கறுப்பு வெள்ளையாகவே ரிப்பில் (கோப்பை அச்சுத் தட்டுக்கான படமாக்கும் மென்பொருள்) எடுத்தால் போதும். நான்கு வண்ண வேலைக்கு வேண்டாம். ரைட்டரின் பிடிஎஃப்பில் கறுப்பு ஆர்ஜிபியாக (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை) போகிறது. ரிப் அதை நான்கு தட்டிலும் பிரித்துவிட்டால் 10 பாயின்ட் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாடும். ஸ்கிரைபஸின் கறுப்பு கே 100, அதாவது கறுப்பு மை மட்டும்.

கட்டளைவரி: நாவல், கட்டுரைத் தொகுப்பு என்றால் ஸ்கிரைபஸும் தப்பு. நீண்ட உரையைப் பெட்டி பெட்டியாக இணைத்தால் திணறும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக உடைக்கவேண்டி வரும். அட்டவணையோ பக்கம் தாண்டாது. பேக்ஸ்லாஷில் தொடங்கும் கட்டளைகளை எழுதிப் பக்கம் கட்டும் சீலாடெக்கில் அடிக்குறிப்பும் பொருளடக்கமும் தானாக வரும். அதே வகையான லுவாலாடெக் என்றால் எழுத்துரு வரியில் ரெண்டரராக (எழுத்தை உருவாக்கிக் காட்டும் கருவியாக) ஹார்ஃப்பஸைக் குறிப்பிடுங்கள்.

பழையகோப்பு: தட்டச்சு முறையில் அடித்துப் பழகிய அக்காவிடம் போய் பேக்ஸ்லாஷ் சொல்லிக்கொடுங்கள் பார்ப்போம்! லினக்ஸில் தமிழ் உள்ளிட உதவும் ஐபஸ் எம்17என்-இல் தட்டச்சு அமைப்பு இருக்கிறது, அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். அச்சுமை சார், பத்து இடத்துக்குள் திருத்தம் என்றால் விர்ச்சுவல் மெஷின், அதற்கு மேல் போனால் யூனிகோடு.

நான்குவண்ணம்: பத்தை ஏற்கமாட்டேன். மறுபதிப்பு என்று வந்தாலே மாற்றிவிட வேண்டும். மின்நூல் வேண்டும் என்று அடுத்த வாரமே கேட்பார்கள், அப்போது பாமினிக் கோப்பை என்ன செய்வீர்கள்?