பிரெய்டிங்: பின்னலா, சடைப்பின்னலா?

அனைவருக்கும் வணக்கம்.

‘பிரெய்டிங்’ (braiding), அதாவது தலைச்சடை போல இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. இதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை முறுக்கிழை, புரியிழை, பின்னல் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நேற்றிரவு மூன்றையும் வாக்கியங்களில் போட்டு எழுதிப் பார்த்தேன். என் கருத்து கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கிழையும் புரியிழையும் அழகான சொற்கள்தான். ஆனால் அவை கயிற்றுக்கு உரியவை. தேங்காய் நாரைத் திரித்துப் புரியாக்கி, இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் கயிறு. அதில் எல்லாப் புரிகளும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். அதனால் பளு ஏறியதும் முறுக்கு அவிழப் பார்க்கும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள் கவனித்திருப்பீர்கள், நிறைந்த வாளி மேலே வரும்போது தானாகச் சுழலும். பிரெய்டிங்கில் பாதி இழைகள் வலப்பக்கமாகவும் பாதி இழைகள் இடப்பக்கமாகவும் சாய்ந்து போகின்றன. ஒரு பாதியின் திருகலை மறுபாதி ஈடுகட்டிவிடும், வாளி சுழலாது. முறுக்கு இல்லாததே இதன் தனிக்குணம் என்னும்போது இதை முறுக்கிழை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பின்னல். நம் வாயில் இயல்பாக வருவது இதுதான். தலை பின்னுகிறோம், வயர் கூடை பின்னுகிறோம், கயிற்றுக் கட்டில் பின்னுகிறோம். ஆனால் ஆடைத்தொழிலில் இந்தச் சொல் ‘நிட்டிங்’குக்குப் போய்விட்டது. திருப்பூர்ப் பின்னலாடை என்றால் பனியனும் டி-சட்டையும்தான். அது நிலைத்துவிட்ட வழக்கு, அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைகள். பனியன் துணிக்கு ஒரே நூல்கூடப் போதும். கண்ணிக்குள் கண்ணியாக மாட்டிக்கொண்டே போவது. முனையைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். நெசவில் பாவு நீளவாக்கில் நிற்க, ஊடை குறுக்கே ஓடும். பிரெய்டிங்கில் கண்ணியும் இல்லை, பாவு ஊடை என்ற பிரிவும் இல்லை. குறைந்தது மூன்று இழைகள் வேண்டும். எல்லா இழைகளுக்கும் ஒரே வேலை. சாய்வாகப் போய், ஒன்றின் மேலும் இன்னொன்றின் கீழுமாக ஏறி இறங்கும்.

இதைச் சொல்லும்போது பின்னல் கோலாட்டம்தான் என் கண்முன் வருகிறது. மேலிருந்து தொங்கும் கயிறுகளின் முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்து, பாதிப் பேர் ஒரு திசையிலும் பாதிப் பேர் எதிர்த்திசையிலும், ஒருவரை உள்ளேயும் அடுத்தவரை வெளியேயும் தாண்டி ஆடுவார்கள். மேலே பின்னல் இறங்கி வரும். அப்படியே திருப்பி ஆடினால் அவிழும். ஷூ லேஸ் தயாரிக்கும் இயந்திரமும் இந்த ஆட்டத்தைத்தான் ஆடுகிறது. ஆட்களுக்குப் பதில் நூல் சுற்றிய தார்கள் தட்டின் மேல் வளைந்து வளைந்து ஓடுகின்றன. ஐரோப்பாவில் கம்பத்தில் நாடா கட்டி ஆடும் மேபோல் ஆட்டத்தின் பெயரைத்தான் அவர்கள் இந்த இயந்திரத்துக்கு வைத்திருக்கிறார்கள். நாம் தாராளமாகக் ‘கோலாட்டப் பொறி’ என்று சொல்லலாம்.

கலைச்சொல்லுக்கு என் பரிந்துரை சடைப்பின்னல். சடை என்றால் சிவபெருமானின் திரிந்த முடி அல்லவா, அது பின்னியது இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. ஆனால் இன்று ‘இரட்டைச் சடை’ என்றால் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறாள். பொருள் நகர்ந்து வெகுகாலமாகிறது. பின்னிய கூந்தலுக்குப் ‘பின்னகம்’ என்ற பழைய சொல்லும் இருக்கிறது. நூலகம், பதிப்பகம் என்று பழகிவிட்ட நமக்கு அது பின்னும் இடம் என்றே ஒலிக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

கூந்தல் சொல்லைப் பொறியியலுக்குக் கொண்டுபோவதா என்ற தயக்கமும் வேண்டாம். கணிதவியலர் எமில் ஆர்ட்டின் 1925இல் இழைகளின் குறுக்கீடுகளைக் கணிதமாக்கியபோது ஜெர்மன் மொழியில் எடுத்துக்கொண்டது ‘சோப்ஃப்’, அதாவது கூந்தல் சடை. அந்தக் கணிதத்தில் ஓர் அழகு: சாதாரண மூன்று கால் (மூன்று இழை) சடையில் ஆறு முறை மாற்றிப் போட்டால் மூன்று கால்களும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். அந்தக் கணிதத்தில் ‘பிரெய்டு குரூப்’ (braid group) எனப்படுவதற்குச் ‘சடைக்குலம்’ என்ற பெயர் நன்றாகவே பொருந்தும்.

இழைகளை எண்ணவும் கூந்தல்காரர்களின் சொல்லையே எடுத்துக்கொள்வோம்: மூன்று கால், நாலு கால், ஐந்து கால், ஆயிரங்கால் சடை வரை இருக்கிறதே. ‘பதினாறு கால் சடைப்பின்னல்’ என்றால் எந்தத் தொழிலாளிக்கும் விளக்கம் தேவைப்படாது. தொலைக்காட்சிக் கேபிளை வெட்டினால் உள்ளே தெரியும் மெல்லிய கம்பி வலையும் சடைப்பின்னல்தான். அழுத்தம் தாங்கும் ரப்பர் குழாய்க்குள் இருக்கும் எஃகுச் சடைப்பின்னலில் கம்பி சாயும் கோணத்துக்குத் தனிக் கணக்கே உண்டு: குழாயின் நீளவாக்கிலிருந்து சுமார் 55 பாகை சாய்ந்திருந்தால் அழுத்தம் ஏறும்போது குழாய் நீளவும் செய்யாது, குறுகவும் செய்யாது. இந்த இடத்தில் வெறும் ‘பின்னல் குழாய்’ என்று எழுதினால் பனியன் துணி சுற்றிய குழாய் என்று நினைக்க இடமுண்டு.

ஆங்கிலத்தில் ‘பிரெய்டட் ரிவர்’ எனப்படும் ஆற்றுக்கு மட்டும் விலக்குக் கேட்கிறேன். அசாமில் பிரம்மபுத்திரா மணல் திட்டுகளைச் சுற்றிப் பிரிந்து பிரிந்து சேர்கிறது. அங்கே மேல், கீழ் என்ற ஏற்ற இறக்கம் கிடையாது, தோற்றம் மட்டும்தான். அதைப் ‘பின்னல் ஆறு’ என்றே சொல்லலாம். பின்னலாடையோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. கோலாட்டப் பொறியில் தாரைச் சுமந்துகொண்டு ஓடும் உறுப்பு. ‘தார்தாங்கி’ என்று முன்பு எழுதியிருந்தேன். தாங்கி என்பதை ‘பேரிங்’குக்குப் பயன்படுத்துகிறோம், அதே இயந்திரத்தில் பேரிங்கும் இருக்கும். அதனால் ‘தாரேந்தி’ என்று மாற்றிக்கொள்கிறேன்.