வளைவு இருக்கட்டும், முதலில் கால்வாயைப் பார்ப்போம்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊரப்பாக்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) ஊர்ப்பெயர் போட்டு அலங்கார வளைவு கட்டலாம் என்று துபாய் அண்ணன் எழுதியதையும், ஆளாளுக்கு ஒரு தொகை ஏற்றுக்கொண்டதையும் படித்தேன். நல்ல மனசு. ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. தேசிய நெடுஞ்சாலையில் வளைவு வைக்க அனுமதி வாங்குவதற்குள் நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்பது தனிக்கதை. அந்தப் பணத்துக்கு இதைவிட அவசரமான வேலை ஊரில் இருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தி வீட்டில் தங்கினேன். அந்தக் காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போவோமே, அதே வீடுதான். ரோட்டின் மேல் ரோடு போட்டு, இப்போது தெருவிலிருந்து இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் தடுப்பு. மழைக்காலத்தில் அதற்கும் மேல் மணல் மூட்டை அடுக்குவார்களாம். எதிரே ஐந்து மாடி அடுக்ககம். அங்கே குடியிருக்கும் திருநெல்வேலிப் பையன், பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) வேலை, சித்தியிடம் வந்து கேட்டான்: "ஏன்ம்மா, நம்ம தெருவுல மட்டும் ஏன் இப்படித் தண்ணி நிக்குது?" சித்தி திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "நீங்க வண்டி நிறுத்துற இடம் இருக்கே தம்பி, ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா வழியிற தண்ணி அதுலதான் போகும். நாங்க அங்க கெண்டை பிடிச்சிருக்கோம்" என்றார். பையன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊர் எப்படி மாறியது என்பது நமக்குத் தெரியும். 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. பிறகு அது செங்கல்பட்டு வரை நீண்டதும், சீசன் டிக்கெட் எடுத்து ஆபீஸ் போய்வரும் ஆட்கள் நம் பக்கம் மனை தேட ஆரம்பித்தார்கள். மறைமலை நகர், கல்லூரிகள், தொழிற்சாலைகள், இப்போது 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம். ஏரியை நம்பி ஒரு போகம் நெல் போட்டவர்களுக்கு, ஏக்கருக்கு 18 கிரவுண்டு (2,400 சதுர அடி மனை) என்ற கணக்கு வந்தபின் ஏர் பிடிக்க மனசு வருமா? விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேர் படித்ததும் விமானம் ஏறியதும் அந்தப் பணத்தில்தான்.

நஞ்சை போனதோடு பாசன வாய்க்காலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று, சரி. ஆனால் கலங்கலிலிருந்து போகும் போக்குக் கால்வாய் பாசனத்துக்கானது அல்ல. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. மனை பிரித்தபோது இரண்டையும் ஒன்றாகவே பார்த்து மூடிவிட்டார்கள். நந்திவரம், கூடுவாஞ்சேரி, நம் ஊர் ஏரிகளின் உபரி நீர் ஆதனூர்ப் பக்கம் போய்த்தான் அடையாற்றில் சேர வேண்டும். 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை நீங்கள் எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். இதில் கொடுமை, ஏரிக்கரையை ஒட்டிய அதே அடுக்ககங்களுக்குக் கோடையில் தண்ணீர் லாரி வருகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். வளைவுக்கு என்று ஏற்றுக்கொண்ட பணத்தில் கலங்கல் முதல் ஊர் எல்லை வரை அந்தக் கால்வாயை அளந்து வைப்போம். நிலத்தின் அளவைக் காட்டும் புல வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. எந்தச் சர்வே எண் இன்னும் நீர்வழிப் புறம்போக்கு என்று இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். தனியார் சர்வேயர் ஒருவரை வைத்துக் குறித்து வாங்கி, கிராம சபையில் மனுவாகக் கொடுக்க வேண்டும். மார்ச் 22 உலக தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுவதுண்டு, அதற்குள் தயாரானால் பொருத்தமாக இருக்கும். என்றைக்காவது ஊரை நகரத்தோடு சேர்த்துவிட்டால் கிராம சபை என்ற மேடையே இருக்காது என்பதையும் யோசியுங்கள்.

அப்புறம் இன்னொன்று. சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும். அந்த மனுவில் முதல் கையெழுத்து நம்முடையதாக இருக்க முடியாது. கிராம சபையில் பேச ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும், நம்மில் பலருக்கு அது இல்லை. அது அடுக்ககத்துக்காரர்களுக்கு இருக்கிறது. முட்டியளவு தண்ணீரில் நிற்பவர்களும் அவர்களே. கால்வாய் எங்கே ஓடியது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது. "வந்தவர்கள்" என்று அவர்களை ஒதுக்கிவைக்கும் நம் சங்க விதியை மாற்றி, திருநெல்வேலித் தம்பி போன்ற நாலு பேரையாவது உறுப்பினராகச் சேர்க்க வேண்டும்.

பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், நான்கெல்லை எழுதிய பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். "கால்வாய்க்கு மேற்கு" என்று ஒரு வரி இருந்தாலும் போதும், சர்வேயருக்கு உதவும். வளைவுதான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், பேசுவோம்.

மேட்டுத் தெரு வாத்தியார் வீட்டுப் பேரன்
மஸ்கட்